இகுவானாவுக்கு மணல் பெட்டி

“தொடைக்கு அடியில வரிசையா புள்ளி கீதுண்ணே. ஆணுக்குத்தான் அது பெருசா இருக்கும். நம்மளுது சின்னது, பொட்டைதான்.”

கம்பெனி பேருந்து சுங்குவார்சத்திரத்தில் நின்றபோது, எங்கள் லைன் சூப்பர்வைசர், தான் வளர்க்கும் இகுவானா என்கிற பெரிய பச்சை ஓணானைப் பற்றிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அப்போ ஜோடி சேத்துட வேண்டியதுதானே?”

“முட்டை வைக்கிற ஜீவன்ண்ணே. தனிக் கூண்டு, மணல் பெட்டி எல்லாம் போட்டுட்டுதான் ஆணை உள்ள விடணும். அதுக்கு அலுப்பே தெரியக் கூடாது.”

பின்னிருக்கையில் இருந்த ஆறு மாதக் கர்ப்பிணி முன்னால் சாய்ந்தாள்.

“சார், லைன்ல உக்கார ஒரு ஸ்டூல் கேட்டேனே?”

“உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க.”

“ஓணானுக்கு மணல் பெட்டி, எனக்கு ஷிப்டு முழுக்க நிக்கிற வேலையா சார்?”

“அது நான் காசு போட்டு வாங்கினது. நீ காண்ட்ராக்ட் தானேம்மா.”