மூன்றாவது தரம் கூப்பிட்டபோது

கை நடுங்கும் என்று காபியையே விட்டவன் நான். வேலையில் அவ்வளவு கவனம். விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மயக்க மருந்து கொடுப்பவனுக்குப் பேர் கிடைக்காது. கண்விழித்த நோயாளி கும்பிடுவது கத்தி பிடித்த கையைத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. பெரிய சர்ஜன் என்னைத் 'தாலாட்டு' என்று கூப்பிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நோயாளி ஒரு பஸ் டிரைவர். நெஞ்செலும்பில் கால்பந்து அளவுக்குக் கட்டி. வெளியே தெரிந்தது பாதி, உள்ளே மூச்சுக்குழாயை அழுத்தியது மீதி. மாதக்கணக்காக உட்கார்ந்தேதான் தூங்கினார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரை மல்லாக்கப் படுக்க மட்டும் வச்சிடாதீங்க சார். மூச்சு அடைச்சிடும்."

"எனக்குத் தெரியும்மா. கவலைப்படாதீங்க."

உண்மையிலேயே தெரியும். இப்படிப்பட்டவரைச் சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே, மூச்சை அவரே விடும்படி, மெல்ல மயக்க வேண்டும். அடைப்பைத் தாண்டிக் குழாய் போன பிறகுதான் தசைகளைத் தளர்த்தும் மருந்து. மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துவதே நான்தான்.

மறுநாள் நிதானமாகத்தான் தொடங்கினேன். சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன தாலாட்டு, இன்னும் தூளியே கட்டலையா? படுக்க வைய்யா. அடுத்த கேஸ் காத்திருக்கு."

புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கூடச் சிரித்தாள். 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அடங்கியிருப்பார். நான் "சரிங்க" என்றேன். படுக்க வைத்தேன். தளர்த்தும் மருந்தையும் கொடுத்தேன். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் அல்லவா.

கட்டி தன் கனத்தோடு உள்ளே அமிழ்ந்தது. போட்ட குழாயில் காற்று போகவில்லை. மானிட்டரின் ஒலி இறங்கிக்கொண்டே வந்தது. சர்ஜனின் முகம் வெளுத்ததை நன்றாகப் பார்த்தேன்.

"டாக்டர், ஏதாவது பண்ணுங்க டாக்டர்."

டாக்டராம். அடைப்பைத் தாண்டக்கூடிய வளையாத உலோகக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காலையில் நானே எடுத்து வைத்தது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று நின்றேன். கூப்பிட்டார். காதுக்கு இதமாக இருந்தது. மூன்றாவது தரம் கூப்பிட்டபோது குழாயைக் கையில் எடுத்தேன். அதற்குள் இதயம் நின்றுவிட்டது.

மனைவியிடம் நானே போய், "அவருக்கு வலியே தெரியலம்மா" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஆம், டிரைவரைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறையில் மரியாதை தெரியாமல் நடந்துகொண்டது யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.