பாதிக் கவிதையில் பொன்னாடை

"பாதிக் கவிதையிலேயே பொன்னாடையைப் போத்தி என் வாயை அடைச்சது நீங்கதான் சார்."

நரிக்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த கல்லூரி மாணவி சொன்னாள். பக்கத்தில் நின்றவர், அன்று கல்லூரியில் கவியரங்கம் நடத்திய தமிழ்ப் பேராசிரியர்.

"மரியாதை செஞ்சது குத்தமாம்மா?"

"வாசிச்சு முடிச்சவுகளுக்குத்தான் போத்துவீக. நான் எங்க கண்மாயில மண்ணு அள்ளுறதை வாசிச்சதும் ஓடி வந்தீக."

"அள்ளுற லாரிக்கு ஓனரு மேடையிலயே உக்காந்திருந்தாரு. இன்னைக்குச் சாப்பாடு அவுக உபயம்மா."

"ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எங்க கண்மாயா?"

அவர் வெளியே பார்த்தார். அவள் பொன்னாடையை மடித்து அவர் கையில் திணித்தாள்.

"அடுத்த கவியரங்கத்துக்கு இதைக் கொண்டுவாங்க. அந்த லாரி ஓனரையும் கூப்பிடுங்க. ஏன் பாதியில போத்துனீகன்னு அதே மைக்குல, எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. அப்புறம் மீதியை வாசிக்கிறேன்."