நெஞ்சின் மேல் பிடித்த காந்தம்

பிசிபேளாபாத் சாப்பிட்டால் என் மகனுக்கு உடனே தூக்கம் வந்துவிடும், சார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் செய்தேன்.

சுஹாஸ் கெட்டவன் இல்லை. பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தபோது வலிக்காகப் போட்ட ஊசி, எலும்பு கூடிய பிறகும் அவனை விடவில்லை. வேலை போயிற்று. மறுவாழ்வு மையங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பினான். ஊசி கிடைக்காத நாட்களில் என் மடியில் தலை வைத்து, "எங்கேயும் போயிடாதம்மா" என்பான். நான் எங்கே போவேன்? சோறு ஊட்டினேன், வாந்தி துடைத்தேன். அவன் அப்பா இறந்தபின் எனக்கு வேறு வேலை இல்லை.

2004-ல் டாக்டர் சுந்தரமூர்த்தி ஒரு புதுச் சிகிச்சையைச் சொன்னார். சோதனையில்தான் இருக்கிறது என்றார். மூளைக்குள் மெல்லிய கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. அதிலிருந்து போகும் சிறு மின்சாரம் ஊசியின் ஆசையை அடக்கும். அவசரத்துக்கு அணைக்க ஒரு காந்தத்தை என்னிடம் கொடுத்தார்.

பலித்தது. ஒரு வருடம் அவன் ஊசியைத் தொடவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. அங்கே தாரணியைச் சந்தித்தான்.

"கல்யாணம் முடிஞ்சதும் சந்தாபுராவுக்குப் போயிடறோம்மா. வீடு பாத்தாச்சு. இனிமே நீ என்னைக் காவல் காக்க வேண்டாம், ஆராமா இரு" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அந்த ஞாயிறு, அவன் தூங்கும்போது காந்தத்தை அவன் நெஞ்சின் மேல் பிடித்தேன். மறுபடி ஊசிக்குப் போனால் பழைய அளவை உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அது நினைவில் இருந்தது. நான் பக்கத்தில்தானே இருக்கிறேன் என்று நினைத்தேன்.

இரண்டொரு நாளில் அவன் நிலைகொள்ளவில்லை. "அம்மா, மறுபடி அந்த ஆசை வரதும்மா. டாக்டர்கிட்ட போலாம்."

"வேலை அலுப்புடா கண்ணா, படுத்துக்கோ."

படுத்தான். என் மடியில்தான். தாரணி போன் செய்தபோது, தூங்குகிறான் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பாத்ரூம் கதவை உடைக்க வேண்டியிருந்தது. பழைய அளவுதான் போட்டிருந்தான்.

கருவி அணைந்திருந்ததை டாக்டர் பார்த்தார். கடை வாசல்களில் திருட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் கேட்டைக் கடந்தால்கூட அணையலாம் என்றார். அந்த ஞாயிறுக்கு முந்தின நாள் கல்யாணப் புடவை எடுக்க அவனைக் கடைக்கு அழைத்துப் போனவள் தாரணி. "நான்தான் கொன்னுட்டேன் அத்தை" என்று என் தோளில் சாய்ந்து அழுகிறாள். அதைப் பொறுக்க முடியாமல்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

அணைத்தது நான், சார். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கடைசி வாரம் அவன் கஷ்டப்பட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள். என்னோடுதானே இருந்தான்.