சல்லடையில் நின்றது

பெரியவர்: ...அதான் சொல்றேன். இப்பல்லாம் எவனுக்கும் எதையும் தரையில நின்னு செய்யத் தெரியல. கல்யாணம்னாலும் பறக்கணும், செத்தாலும் பறக்கணும். ஏரிக்கரைக்கு நடந்துபோய் சாம்பலைக் கவுத்துட்டு வந்தா ஆகாதா?

மருமகள்: உங்க பையன் ஆசைப்பட்டது மாமா. இந்த ஷெட்டுல ஒன்பது வருஷமா இந்த ஹெலிகாப்டரைக் கழட்டி மாட்டினவரு. தலை சுத்தும்னு ஒரு நாள்கூட ஏறல.

பெரியவர்: உயிரோட இருந்தப்ப ஏறப் பயந்தவனை இப்பத் தூக்கிட்டுப் போறீங்க.

பைலட்: ஐயா, அந்த மஃப்ளரைக் கழட்டிடுங்க. தொப்பியையும். கதவைக் கழட்டி வெச்சிருக்கேன். லேசா எது பறந்தாலும் நேரா வால் விசிறிக்குத்தான் போகும். அப்புறம் உங்களுக்கும் ஒரு சாம்பல் பெட்டி வாங்கணும்.

பெரியவர்: நீயும் பக்கத்துலதானே தம்பி உக்காந்திருப்ப?

பைலட்: அதனாலதான் கழட்டச் சொல்றேன்.

பெரியவர்: ம்... இந்தா. பெட்டியைத் திறந்து வெளிய கொட்டப் போறோம். இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பைலட்: கொட்டினா அத்தனையும் திரும்ப உள்ள வரும். கண்ணுல, வாயில, எஞ்சின்ல... போன வருஷம் ஒரு அம்மா சொல்லச் சொல்லக் கேக்காம புருஷனைக் கையால வீசினாங்க. பாதி ஆளு என் சட்டையிலதான் வீடு வந்து சேர்ந்தாரு.

மருமகள்: தம்பி...

பைலட்: மன்னிச்சிடுங்க அண்ணி. ஐயா, இந்தத் துணிப்பையைப் பாருங்க. அடியில ஈயக் குண்டு. பத்தடிக் கயித்துல கீழ இறக்கணும். அதுக்கு மேல விட்டா வால்ல போய்ச் சுத்திக்கும். நான் வேகத்தைக் குறைச்சுக் கை காட்டினதும் இந்த மஞ்சக் கயித்தை இழுங்க. பை கவுந்து எல்லாம் கீழேயே போயிடும்.

பெரியவர்: யார் மூளை இது?

பைலட்: உங்க பையன் மூளைதான். போன வருஷம் அந்த அம்மா வந்துட்டுப் போன மறுநாளே உக்காந்து தைச்சாரு.

பெரியவர்: ...தையல் கோணலா இருக்கு.

மருமகள்: போதும் மாமா, ரொம்பப் பாராட்டிடாதீங்க.

பெரியவர்: ஒரு ஆள்தானே ஏறலாம்? நீயே ஏறிக்கயேன்மா. அவனைக் கட்டினவ நீ.

மருமகள்: அதைத்தான் நானும் அவர்கிட்ட சொன்னேன். இல்ல, அப்பாதான் கயித்தை இழுக்கணும்னாரு. பதினோரு வருஷமாப் பேசாத மனுஷன் வருவாரான்னு கேட்டேன். நீ கூப்பிட்டுப் பாருன்னாரு.

பெரியவர்: வந்துட்டேன்ல. குடு அந்தப் பெட்டியை... இவ்வளவுதானா அவன்?

பைலட்: மூணு கிலோ இருக்கும் ஐயா. இப்படிக் குடுங்க, ஒரு தடவை சலிச்சுட்டுப் பையில போட்டுக்கறேன்.

பெரியவர்: சலிக்கிறதா? என்னடா இது, மாவா?

பைலட்: கட்டி ஏதாவது கிடந்து விசிறியில அடிச்சா அண்ணனோட சேர்த்து நாம மூணு பேரும் ஒண்ணாத்தான் ஏரிக்குள்ள போவோம். அப்படித் தள்ளி நில்லுங்க... ம்...

பெரியவர்: என்ன அது?

பைலட்: ஒண்ணுமில்ல.

பெரியவர்: ஒண்ணுமில்லாததை எதுக்குப் பாக்கெட்ல போடற? காட்டு.

பைலட்: அண்ணி...

மருமகள்: காட்டுங்க தம்பி. எத்தனை நாளைக்கு மறைக்கிறது.

பெரியவர்: ஸ்க்ரூ. ஒண்ணு, ரெண்டு... மூணு. அப்பவே நினைச்சேன்! எவன் சாம்பலையோ தலையில கட்டி அனுப்பியிருக்கான். எரிச்சா எல்லாம் ஒரே நிறம்தானே, எவன் கேக்கப் போறான்? நீயும் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்திருக்க.

மருமகள்: அவருதான் மாமா. இடது கணுக்கால். ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ. எரிச்ச இடத்துல தகட்டை எடுத்தவங்க இதை விட்டிருக்காங்க.

பெரியவர்: என் பையன் உடம்புல இரும்பா? எனக்குத் தெரியாம?

பைலட்: குளிர் வந்தா அண்ணன் அந்தக் காலை இழுத்துத்தான் ஐயா நடப்பாரு. மழை வருது, வண்டியை எடுக்காதேன்னு ரேடியோவுக்கு முன்னாடி அந்தக் கால்தான் எனக்குச் சொல்லும்.

பெரியவர்: நீ சும்மா இரு தம்பி. எப்ப உடைஞ்சுதாம்?

மருமகள்: பதினோரு வருஷம் ஆச்சு. ஏணியில இருந்து விழுந்தாராம்.

பெரியவர்: எங்க வீட்டுல ஏது ஏணி?

மருமகள்: உங்க வீட்டுலன்னு நான் சொல்லலையே மாமா.

பைலட்: காத்து திரும்புது அண்ணி. கிளம்பறதுன்னா இப்பக் கிளம்பணும்.

மருமகள்: ஒரு நிமிஷம். டாக்டர்கிட்ட ஏணின்னாரு. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்கும் ஏணிதான். போன மாசம், ஆஸ்பத்திரியில, மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்தப்பத்தான்... "இந்தத் தடவை அப்பா என்னை மெதுவா விடட்டும்"னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

பெரியவர்: என் மஃப்ளர் எங்க?

மருமகள்: மாமா, நான் எதுவும் கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஒரு கயித்தை இழுக்கணும், அவ்வளவுதான்.

பெரியவர்: இது அவன் இல்ல. நீயே ஏறு. யாரு பெத்த பிள்ளையோ, பத்திரமா விட்டுட்டு வா.

பைலட்: ஐயா, அந்தப் பக்கமாப் போகாதீங்க, வால் இருக்கு! முன்னாடி சுத்தி வாங்க.

மருமகள்: எங்க மாமா போறீங்க?

பெரியவர்: கையை விடும்மா. என் பையனுக்குக் கால் உடையல. மாடிப்படியில நான் தள்ளினப்ப உருண்டான்தான்... இல்லன்னு சொல்லல. ஆனா எழுந்துட்டான். கேட் வரைக்கும் நடந்துதான் போனான். மேல நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்.