நதிகள் தனி விலை

உங்கள் அலுவலகத்துத் தேநீர் நன்றாக இருக்கிறது, மேடம். எலுமிச்சைத் துண்டைக் கேட்காமலேயே போட்டுக் கொடுத்தார்கள். அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

தீமோன் வில்செக் என் வாடகை வீட்டுக் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தான். அதற்கு நான் வருந்துகிறேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் குளியலறைச் சுவரில் இருக்க வேண்டிய நச்சுவாயு அலாரம் என் சமையலறை இழுப்பறைக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஒரே வரியில் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அரசு வழக்கறிஞர்களுக்கு அது தொழில். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

‘எல்லைக்கல்’ என்று ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. நீங்கள் விளையாடியதில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. பழைய ஐரோப்பாவின் வரைபடத்தில் ஒரு சிற்றரசைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆள வேண்டும். சண்டை குறைவு, சம்பந்தம் பேசுவதும் வரி போடுவதும்தான் அதிகம். டிராம் டிப்போவில் யாருக்கு எந்த வண்டி என்று பிரித்துக் கொடுத்தே காலம் தள்ளிய எனக்கு அது கைவந்த கலை. எப்போதும் மசோவியா என்ற சிற்றரசைத்தான் எடுப்பேன். விஸ்துலா நதியில் தானியப் படகுகளைக் கடலுக்கு அனுப்பிப் பணக்காரன் ஆவேன். மனைவி என்னை விட்டுப் போன வருடம் படுக்கையிலிருந்து எழுவதற்கு எனக்கு வேறு காரணமே இருக்கவில்லை. அந்தப் படகுகளை நான் நேசித்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

பிறகு அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு வாயில் எச்சில் ஊறியது. அரசன் செத்தால் நாடு அழ வேண்டுமா, அதற்கு ஒரு கூடுதல் தொகுப்பு. ராணிக்கு வாயைத் திறந்து பேச வேண்டுமா, அதற்கு இன்னொன்று. குதிரைக்கு நிறம், கோயிலுக்கு மணி, உப்புக்கு உப்பு. எல்லாம் தனித்தனி விலை. நானும் வாங்கினேன். வாங்காவிட்டால் திரையின் ஓரத்தில் சாம்பல் நிறப் பொத்தான் ஒன்று பூட்டுப் படத்தோடு உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் பூட்டிய அறை ஒன்று இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வருமா?

ஒருநாள் காலையில் திறந்தால் விஸ்துலாவில் படகு இல்லை. நதி இருந்தது, வெறும் நீலக் கோடாக. மேலே பூட்டு. ‘நதிகள்’ இனித் தனித் தொகுப்பு. என்னிடம் இருந்ததைப் பிடுங்கி, துடைத்துப் பளபளப்பாக்கி, என் தலையிலேயே கட்டினார்கள். அதையும் வாங்கினேன். வாங்கிய கையோடு அவர்களுடைய விவாதப் பக்கத்தில் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டேன். அடிப்படை விளையாட்டு முழுமையாகவே இருக்கிறது என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

தீமோன் வந்தது அதற்குப் பிறகுதான். அத்தை எனக்கு விட்டுப்போன பழைய வீட்டில் நான் கீழே, வாடகைக்காரர் மேலே. கிராகோவில் அந்த வாடகைக்கு அப்படி ஒரு வீடு கிடைக்காது. கையெழுத்துப் போடும்போது அவனே சொன்னான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சாமான் இறக்கும்போது அவன் பையில் எல்லைக்கல் சின்னம் குத்தியிருப்பதைப் பார்த்தேன். விளையாடுவாயா என்று கேட்டதற்கு, அதைச் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறேன் என்றான்.

நதியை ஏன் தம்பி பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். அவன் என் தோளைத் தட்டினான்.

“யாரு சார் உங்க கையைப் புடிச்சு இழுத்தா? புடிச்சா வாங்குங்க, இல்லன்னா விட்டுடுங்க. அடிப்படை விளையாட்டு நல்லாத்தானே ஓடுது?”

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவர்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற வாசகமாம் அது. எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். பரிதாபம்தான் வந்தது. இவர்களுக்கு யாரும் பொறுமையாக உட்கார்ந்து புரியவைத்ததே இல்லை என்று தோன்றியது. எனக்கோ பொறுமை நிறைய உண்டு.

உருளைக்கிழங்கும் சைக்கிளும் வைக்கும் நிலவறைச் சாவியில் ஆரம்பித்தேன். அதுவரை வாடகையோடு சேர்ந்திருந்தது. இனி அது ‘நிலவறைத் தொகுப்பு’ என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், காசும் கொடுத்தான். அடுத்து மொட்டைமாடிக்குக் கீழே துணி உலர்த்தும் கொடி. அடுத்து வாசல் மணி. பால்கனிக் கதவின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்து அதையும் விற்றேன். எல்லாவற்றையும் படம் எடுத்து அலுவலகத்தில் காட்டுவானாம். என் வீட்டுக்காரர் செம காமெடி பீஸ் என்று போனில் யாரிடமோ சொன்னது படிக்கட்டில் எனக்குக் கேட்டது. பாடம் நடத்துகிறவனைக் கோமாளி ஆக்கினால் அவன் என்னதான் செய்வான்? பாடத்தைக் கொஞ்சம் கடினமாக்குவான்.

குளிர் தொடங்கியபோது அந்த அலாரத்தை அவன் குளியலறையில் நானே மாட்டினேன். அங்கே தண்ணீரைச் சுடவைப்பது பழைய கேஸ் கீசர். கவனமாக இருக்க வேண்டும். அலாரம் கொஞ்ச நாளைக்கு இலவசம், பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவர்களும் அப்படித்தானே செய்கிறார்கள், வார இறுதியில் இலவசமாக விளையாட விட்டுவிட்டுத் திங்கட்கிழமை பூட்டுகிறார்கள். காலம் முடிந்ததும் திருப்புளியோடு போய்க் கதவைத் தட்டினேன். கொழுக்கட்டையை வாயில் அடைத்துக்கொண்டே வந்தான். எடுத்துக்கொள்ளுங்கள் சார், அது பச்சையாகக் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது என்றான். நான் கழற்றி முடிக்கும்வரை ஏணியை அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான். அலாரம் இழுப்பறைக்கு வந்த கதை அவ்வளவுதான்.

பிறகு புகைபோக்கி சுத்தம் செய்யும் ஓஷுக் வந்தார். கறுப்பு உடுப்பு, பித்தளைப் பொத்தான், தோளில் தூரிகை. மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து தணிந்த குரலில் சொன்னார்.

“மேல் வீட்டுப் புகைக் குழாய்ல காக்கா கூடு கட்டி அடைச்சு வச்சிருக்கு சார். என் தூரிகை எட்டல. நீளக் கம்பி எடுத்துட்டு அடுத்த வாரம் வரேன். அதுவரைக்கும் கீசரை யாரும் பத்த வைக்கக் கூடாது. வால்வை நீங்களே மூடிடுங்க.”

சரி என்றேன். அந்த நேரம் பார்த்துத் தீமோன் படியிறங்கி வந்தான். ஓஷுக்கைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான். நாமெல்லாரும் செய்வதுதானே. புகைபோக்கிக்காரரைப் பார்த்தால் பொத்தானைப் பிடித்தால் அதிர்ஷ்டம். நீங்களும் பிடிப்பீர்கள், மறுக்காதீர்கள். தெருமுனை திரும்பும்வரை பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டே போனான். வழியில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நானும் என் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன். வால்வை மூடவில்லை.

அன்று மாலையே அவனுக்குக் ‘குளிர்காலத் தொகுப்பு’ என்று ஒன்றைச் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். குளியலறைக் காற்றோட்டத்தில் பல மேம்பாடுகள் என்றேன். அவர்களும் அதற்கு மேல் சொல்வதில்லை, வாங்கினால்தான் தெரியும். முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை.

“போதும் சார். ஆரம்பத்துல நல்லா இருந்துச்சு, இப்ப ஜோக் பழசாயிடுச்சு. எனக்கு அடிப்படை வீடே போதும்.”

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறாயா தம்பி என்று திரும்பவும் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் ஓஷுக் நீளக் கம்பியோடு வந்தபோது, வேறு ஆளை வைத்து எடுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தீமோன் குளிருக்குப் பயந்து குளியலறைக் காற்றுத்துளையில் பழைய ஸ்வெட்டரைத் திணித்துவைத்திருந்தானாம். இந்த ஊரில் பாதிப் பேர் செய்கிற முட்டாள்தனம். அதை நான் செய்யச் சொல்லவில்லை.

அவனைக் கட்டிக்கொள்ளவிருந்த பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். கலினா. மூலையில் இருக்கும் ரொட்டிக் கடையில் வேலை. ஒருநாள் மாவு ஒட்டிய கையோடு என் கதவைத் தட்டினாள்.

“சார், குளிச்சுட்டு வந்தாலே அவனுக்குத் தலை பாரமா இருக்காம். நேத்து வாந்தி வேற எடுத்தான். ஏதோ காத்தோட்டம்னு ஒரு தொகுப்பு சொன்னீங்களாமே. நான் காசு தரேன், போட்டுக் குடுத்துடுங்க.”

“கணக்கு தீமோன் பேர்ல இருக்கும்மா. வேற ஆளு வாங்கினா செல்லாது. அவனையே வரச் சொல்லு.”

“அவன் வர மாட்டான் சார், சரியான பிடிவாதம். சண்டை போட்டுப் பாத்துட்டேன். நீங்க பெரியவங்க, கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்.”

பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் படியேறிப் பின்னாலேயே போய் அவள் கையில் திணித்துவிட்டு வந்தேன். விற்காத பொருளுக்குக் காசு வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. அந்த விஷயத்தில் அந்தக் கம்பெனிக்காரர்களுக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கூரையில் ஈரம் படர்ந்து சொட்ட ஆரம்பித்தது. கீழே ஒரு வாளி வைத்தேன். மேலே போகவில்லை. விளையாட்டில் என் சிற்றரசனுக்கு அப்போதுதான் வாரிசு பிறந்திருந்தது. அந்த நேரத்தில் எழுந்தால் பக்கத்து நாட்டுக்காரன் படை அனுப்பிவிடுவான். வேலை முடிந்து வந்த கலினாதான் அவனைப் பார்த்தாள். படியில் வந்து உட்கார்ந்துகொண்டு கையிலிருந்த ரொட்டிப் பையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இலவசமாகத்தான்.

விலை போடுகிற ஆள் அவன் இல்லை என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். தெரியும். விளையாட்டில் தண்ணீருக்கு வண்ணம் தீட்டுவதுதான் அவன் வேலை. குடிவந்த வாரமே என்னிடம் சொன்னான். விஸ்துலாவின் அந்த நீலம் அவன் கை. விலை போடுகிறவர்கள் எந்த ஊரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறார்களோ, அவர்கள் என் வீட்டுக்கு வாடகைக்கு வருவார்களா? வந்தவனுக்குத்தானே பாடம் நடத்த முடியும்.

அடக்கத்தின்போது கலினா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. என் தொகுப்புக் கதைகளையெல்லாம் அவன் அலுவலகக் கூட்டத்தில் சொல்லுவானாம். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு அவனே எழுந்து, நாமும் இந்தக் கிழவரும் ஒன்றுதான், நதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று அடம்பிடித்தானாம். பல வாரம் சண்டை போட்டானாம். கடைசியில் மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொண்டார்களாம். உங்களாலதான் சார் அவன் ஜெயிச்சான் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாவு வாசனை அடித்தது.

சரி, உங்களுக்கு வேண்டியதை உங்களுக்கு வேண்டிய மாதிரியே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கூடு இருப்பது எனக்குத் தெரியும். அலாரத்தைக் கழற்றியது நான். ஓஷுக்கைத் திருப்பி அனுப்பியது நான். தலைவலி என்று அந்தப் பெண் வந்து சொன்னபோதே அது என்னவென்று எனக்குத் தெரியும். தண்ணீர் சொட்டியபோதும் தெரியும். நீளக் கம்பியால் ஒரு குத்து குத்தினால் கூடு விழுந்திருக்கும், பையன் இருந்திருப்பான். கொலை என்று எழுதினாலும் நான் வாய் திறக்க மாட்டேன். இருந்தாலும் ஒரு கொள்கைக்காகச் செய்தேன் என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். காசுக்காக இல்லை. காசைப் பற்றி நான் என்றைக்கும் நினைத்ததே இல்லை.

தேநீர் ஆறிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மேடம், நீங்கள் சட்டம் தெரிந்தவர். நீங்கள் என்னைக் கூட்டிவந்த அன்று காலை எல்லைக்கல்லில் நதிகள் எல்லோருக்கும் இலவசம் என்று அறிவிப்பு வந்தது. கீழே தீமோன் பெயர் போட்டு ஒரு மெழுகுவத்திப் படம். நேற்று முளைத்தவனெல்லாம் விஸ்துலாவில் படகு விடுகிறான். நான் அந்த நதியை முழு விலை கொடுத்து வாங்கியவன். அந்தக் காசை அவர்கள் எனக்குத் திருப்பித் தரவில்லை. அதற்கு இங்கேயே புகார் எழுதிக் கொடுக்கலாமா, இல்லை வேறு அலுவலகமா?