மாப்பிள்ளை கொடுத்த குறடு

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் நடுவயதுக் கணவனும் மனைவியும். "மாப்பிள்ளை குடுத்த மடக்குக் குறடு கனத்துல வேட்டி அவுந்து விழப் பாக்குது" என்று அவர் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"துபாய்லருந்து ஆசையாக் கொண்டாந்தது. கத்தி, திருப்புளி, ரம்பம் எல்லாம் அதுக்குள்ளயே இருக்குல்லா. பெறகு அந்தப் பேனாக்கத்தி எதுக்கு மடியில?"

"குறடு ஆட்டுக் கால்ல தச்ச முள்ளு எடுக்க நல்லாத்தான் இருக்கு. அதை வச்சு வெள்ளரிக்கா நறுக்க முடியுமாட்டி? ஆட்டு வாடை அடிக்கும்."

"இப்ப மக வீட்டுக்குத்தான போறோம். அங்கன மாப்பிள்ளை குறடு எங்கன்னு கேப்பாவ. குறடு மடியிலயே இருக்கட்டும். கத்தியைத் தாங்க, நான் வச்சிக்கிடுதேன்."

அவர் கத்தியை எடுத்தார். அந்தம்மா கையை நீட்டியும், கொடுக்காமல் இருவருக்கும் நடுவே சீட்டில் வைத்தார்.

"கையில குடுத்தா என்னவாம்?"

"கத்தியைக் கையில குடுத்தா சண்டை வரும்."

"கல்யாணமான நாள்லருந்து கீழ வச்சுத்தான் குடுக்குதீங்க. சண்டைக்கு என்ன கொறச்சல்?"

"கையில குடுத்திருந்தா இன்னைக்கு எம் பக்கத்துல ஒக்காந்திருப்பியா?"

அந்தம்மா கத்தியை எடுத்துச் சுருக்குப்பையில் போட்டு, கயிற்றை இரண்டு தடவை இழுத்துக் கட்டினார்.

கழுகுமலையில் பஸ் நின்றது. அவர் எழுந்தார்.

"ஒரு கையால வேட்டியப் பிடிச்சிக்கிட்டே எறங்குங்க" என்றார் அந்தம்மா. "மாப்பிள்ளை நிக்காவ."