கடைக்குப் போகிற முகம்

ரூத்: ம்மா, தையல் மிஷின நிறுத்து. அந்த ரஷ்யா சீரியலோட கடைசி எபிசோடு. இன்னைக்கே பாத்துடணும்.

சாராள்: நாளைக்கிப் பாத்தா இன்னா, ஓடியா பூடும்?

ரூத்: நாளைக்கி முடியாது. ஒரு மெயில் அனுப்பணும்.

சாராள்: மெயிலு அனுப்ப ஒரு நாளு முழுக்கவா?

ரூத்: அது… கொஞ்சம் பெரிய மெயில். வா, கட்டில்ல உக்காரு.

சாராள்: நான் இதும்மேல உக்காந்துக்கறேன். நீ கட்டில்ல சாஞ்சிக்க.

ரூத்: அது இன்னா, புதுசா போர்வையப் போட்டு மூடி வச்சிருக்க?

சாராள்: தைக்க வந்த துணி. ஏன், அதுக்கும் ஒரு மெயிலு அனுப்பணுமா? படத்தப் போடு.

ரூத்: ஞாயித்துக்கெழம என்னப் பொண்ணு பாக்க மதுராந்தகத்துக்காரங்க எத்தினி மணிக்கு வராங்க?

சாராள்: அத இப்போ எதுக்குக் கேக்கற? போடுடி. அந்த லிஃப்டு ரிப்பேருக்காரரு இன்னா ஆனாருன்னு நான் ஒரு வாரமா யோசிச்சிக்கினு கீறேன்.

ரூத்: உனக்கு அவரத்தான் புடிக்குது இல்ல?

சாராள்: புடிக்காதா? ஊர்ல கீற லிஃப்டெல்லாம் சரி பண்றாரு. சொந்த வூட்டு லிஃப்டு ஓடல. புது வருசம் பொறக்கற நேரத்துல அதுல மாட்டிக்கினாரே… அக்கம்பக்கத்துல கீறவங்க கதவு சந்துல ஸ்பூன வுட்டு ஊட்டி உட்டாங்க பாரு… அய்யோ.

ரூத்: அன்னைக்கி நீ சிரிச்சதுல பக்கத்து வூட்டு பிரபாவதி அக்கா இன்னாமோன்னு ஓடியாந்துட்டாங்க.

சாராள்: அவரு சிரிச்சாரா? ஊட்டுனவங்க சிரிச்சாங்களா? சாவு வூட்ல காபி குடுக்கற மாரியே குடுக்கறாங்க. அதான்டி என்னால தாங்க முடியல. நம்மூரு சீரியலா இருந்தா பின்னாடி டொய்ங்னு ஒரு சத்தம் போட்டு, இப்போ சிரின்னு சொல்லுவான்.

ரூத்: இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. நாமளே கண்டுபுடிக்கணும். எனக்கு அதாம்மா புடிச்சது.

சாராள்: உனக்குப் புடிக்கும். நீயும் அந்த ஜாதிதான். வாயத் தொறக்க மாட்ட, மூஞ்சிலயும் ஒண்ணும் காட்ட மாட்ட.

ரூத்: ஆரம்பிச்சிடுச்சி. பாரு.

சாராள்: இது யாரு, குண்டா… ஆ, லிஃப்டுக்காரரு பொண்டாட்டி தமாராவோட தம்பி. எங்க போனாலும் தூங்குவானே, அவன். ஏய், கீழ இங்லீசு எழுத்து வர்ல?

ரூத்: இதுக்கு இன்னும் போடல. நான் சொல்றேன்.

சாராள்: எழுத்தே இல்லாம எப்டி சொல்லுவ?

ரூத்: ரெண்டு வருசமா பாக்கறேன்ல… காதுல உழுந்து உழுந்து…

சாராள்: நானுந்தான் கூட உக்காந்து பாக்கறேன். எனக்கு ஒண்ணும் உழலியே.

ரூத்: ஃபோன்ல கொஞ்சம் படிச்சேன். பஸ்ல போவச் சொல்ல. பாரும்மா, சமையக்கட்டு.

சாராள்: தமாரா உருளக்கெழங்கு வெட்டறா. அவ பொண்ணு நாஸ்தா வந்துட்டா.

ரூத்: நாஸ்தியா.

சாராள்: எனக்கு நாஸ்தாதான். இன்னா சொல்றா?

ரூத்: …

சாராள்: இன்னாடி சொல்றா?

ரூத்: கடைக்குப் போயிட்டு வரேன்னு சொல்றா.

சாராள்: ஓ.

ரூத்: ம்.

சாராள்: தமாரா ஒண்ணும் சொல்லல?

ரூத்: இல்ல.

சாராள்: மேசையில நாலு தட்டு வச்சிருந்தா. ஒண்ண எடுத்து அலமாரில வச்சிட்டா.

ரூத்: ம்.

சாராள்: மறுபடி எடுத்துட்டு வரா. தொடைக்கறா. வைக்கறா… தோ, திருப்பியும் எடுத்துக்கினு போறா. இன்னா நடிப்புடி! கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. லிஃப்டுக்காரரு வந்து, சோத்துக்குத் தட்டு எங்கன்னு அவரு தட்டத் தேடறாரு.

ரூத்: அவர் தட்டயும் சேத்து எடுத்துட்டாங்க.

சாராள்: சிரிக்கறதா அழறதான்னே தெரியல.

ரூத்: ரெண்டும் ஒரே எடத்துல வச்சிருப்பாங்க. எனக்கு அதுக்கே கை தட்டணும் போல இருக்கும்.

சாராள்: இப்போ இன்னா, எல்லாரும் பெட்டி மேல உக்காந்துட்டாங்க?

ரூத்: அது அவங்க பழக்கம்மா. தூர ஊருக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி, வூட்ல கீறவங்க எல்லாம் ஒரு நிமிசம் பேசாம உக்காருவாங்க. அப்புறந்தான் எழுந்து போவாங்க.

சாராள்: நல்லாத்தான் கீது… ஏய், தம்பி தூங்கிட்டான்!

ரூத்: யாரும் எழுப்ப மாட்டாங்க பாரு.

சாராள்: ரயிலு சத்தம் கேக்குது. தமாராவுக்குக் கேக்குது, லிஃப்டுக்காரருக்கும் கேக்குது. ஒருத்தரும் எந்திரிக்கல. வேணும்னே உக்காந்துகினு கீதுங்க… ரயிலு பூட்ச்சி!

ரூத்: தமாரா சொல்றாங்க, பாவம், தூங்கறவன எப்படி எழுப்பறதுன்னு.

சாராள்: ஆமா… ரூத்து.

ரூத்: ம்?

சாராள்: கடைக்குப் போறதுக்கு எதுக்குடி பெட்டி? கடைக்குப் போற பொண்ணுக்கா அந்தம்மா தட்ட எடுத்து வச்சா? கடைக்குப் போற மூஞ்சியாடி அது? அவ இன்னா சொன்னா?

ரூத்: மாஸ்கோவுக்குப் போறேன்னு சொன்னா. இனிமே அங்கதான்னு.

சாராள்: அத ஏன் எனக்கு மாத்திச் சொன்ன?

ரூத்: சொல்ல வர்லம்மா. இத உனக்குக் காட்டிட்டு, அப்டியே என்னுதயும் சொல்லிடலாம்னு இருந்தேன். அந்த எடம் வந்ததும் வாய் வர்ல.

சாராள்: உன்னுது இன்னா?

ரூத்: அந்த ஊர்ல ஒரு யுனிவர்சிட்டில எனக்கு எடம் கெடச்சிருக்கு. பிசிக்ஸ்ல ஆராய்ச்சி. செலவெல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. நாலு வருசம். வரேனா இல்லையான்னு நாளைக்குள்ள எழுதணும். நீ வேணாம்னா வேணாம்னே எழுதிடறேன். அப்பாகிட்ட கூட இன்னும் சொல்லல.

சாராள்: …

ரூத்: இன்னாம்மா, ஒண்ணும் பேச மாட்டேங்கற? உன் மூஞ்சப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தெரியல.

சாராள்: எல்லாம் தமாராகிட்ட கத்துக்கினதுதான்.

ரூத்: வெளையாடாத. ஞாயித்துக்கெழம வரவங்களுக்கு இன்னா சொல்றது?

சாராள்: அவங்க வர்ல. போன வாரமே ஃபோன் போட்டு, இப்போ வேணாம்னு உங்கப்பாவ வுட்டுச் சொல்லிட்டேன்.

ரூத்: போன வாரமா? அப்பாவா?

சாராள்: பாஸ்போர்ட்டுக்கு பிரபாவதிய சாட்சிக்குப் போட்ட இல்ல. போலீசுக்காரரு வந்து அவகிட்ட விசாரிச்சாரு. சொல்லாதீங்கக்கான்னு நீ கெஞ்சினியாமே… அவரு தெருமுனை தாண்டல, அவ இங்க வந்து நின்னா.

ரூத்: அது நடந்து ஒரு மாசம் ஆவுது.

சாராள்: ஆவுது.

ரூத்: ஏம்மா கேக்கல?

சாராள்: பொறந்ததுலேந்து எல்லாத்தயும் நானே கேட்டுக் கேட்டுத்தான் உங்கிட்டேந்து வாங்கிக்கினு கீறேன். இது ஒண்ண நீயா வாயத் தொறந்து சொல்லணும்னு பாத்தேன். நான் இல்லாத ஊர்ல போயி எப்டி பேசுவ?

ரூத்: அப்போ… நான் போலாமா?

சாராள்: இப்டி கிட்ட வா. இதும்மேல என் பக்கத்துல உக்காரு.

ரூத்: ரெண்டு பேரா? துணி கசங்கிடாது?

சாராள்: துணியெல்லாம் ஒண்ணும் இல்ல. போர்வையத் தூக்கிப் பாரு. உங்கப்பா நேத்து செங்கல்பட்டு போயி வாங்கியாந்தாரு. சக்கரம் வச்ச பெட்டி.